பீரோவில் வைத்த பிரேக் சுவிட்ச்

கொடைக்கானலில் என் அப்பா தன் காரின் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிகிறதா? அயர்லாந்தின் லிமெரிக்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றுவரை இதற்கு விடை தெரியவில்லை. இங்கே என் பழைய காருக்கு அந்த வியாதி வந்தபோது, சிக்னலில் பின்னால் நின்றவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்து கதவைப் பூட்டி, பின்சீட்டில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே "சாரி, சாரி" என்றேன். பயமுறுத்தியதற்காக அவரும் "சாரி" என்றார். பிறகுதான் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். பிரேக் பெடலுக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. விளக்கை எரியவைப்பது அதுதான்; அது தேய்ந்துபோனாலும் பிரேக் பிடிக்கும், வண்டி நிற்கும். ஆனால் நிற்கப்போவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மறுநாளே மாற்றினேன். அப்பாவுடையதும் அதே மாடல், விளக்கு விட்டுவிட்டுத்தான் எரிகிறது என்று அம்மா சொல்லியிருந்ததால், இன்னொன்று வாங்கி ஊருக்குப் போன தோழியிடம் கொடுத்தனுப்பினேன்.

மே மாதம் நாங்களும் போனோம். பழனியிலிருந்து அப்பாவின் காரில் மலையேறும்போது வளைவுக்கு வளைவு பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

"லைட்டு இன்னும் எரியலையாப்பா?"

"ரெண்டாவது கியர்ல போறவனுக்கு லைட்டு எதுக்குத்தா? அந்த பஸ்காரனுக்கு என் வண்டியத் தெரியும். பாத்தாலே மெதுவாயிருவான்."

வீட்டில் அம்மா பீரோவைத் திறந்தாள். நான் அனுப்பிய சோப்புகளுக்கும் சாக்லேட் டப்பாக்களுக்கும் நடுவே, உறை பிரிக்காத அந்த சுவிட்ச். "நீ அங்கிருந்து அனுப்புனதுல்ல? மெக்கானிக் கிரீசு கையோட தொடவா? பெரிய ரிப்பேரு வரட்டும், மாட்டிக்கலாம்னுட்டாரு உங்கப்பா" என்றாள். கத்திவிட்டேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நான் கிளம்பும்வரை கார் பேச்சையே எடுக்கவில்லை. கத்தியிருக்கக் கூடாதோ? கத்தாமல் இருந்திருந்தால் மட்டும் மாட்டியிருப்பாரா? அம்மாவுக்குக் கண் காட்ட மாதம் ஒருமுறை இருவரும் அதே வண்டியில்தான் பழனிக்கு இறங்குகிறார்கள்.

போன வாரம் அப்பா போனில், "மாட்டியாச்சுத்தா" என்றார். வீடியோவில் காட்டச் சொன்னேன். அப்பா உள்ளே மிதிக்க, அம்மா பின்னால் போனைப் பிடித்தாள். மேகம் இறங்கிப் பகலிலேயே இருட்டிக் கிடந்ததால் ஹெட்லைட் போட்டிருந்தார். அதைப் போட்டாலே பின்னால் சிவப்பு எரியுமே! "அத அணைச்சிட்டு மிதிங்கப்பா" என்று சொன்ன கையோடு படம் உறைந்துவிட்டது. பனிக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள். "தெரியுதா? ஏத்தா, தெரியுதா?" அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

இங்கே மகளுக்குச் சளி. அம்மா கொடுத்துவிட்ட தைலப் பாட்டில் என் சமையலறை அலமாரியில் சீல் உடைக்காமல் இருக்கிறது. மருந்துக்கடையில் வேறு வாங்கிவந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பீரோ இருக்கும். அப்பாவைப் பொய்யராக்காமல், இன்னொரு முறை கத்தாமல், அந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று தெரிந்துகொள்ள வழி தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த கண் பரிசோதனைக்கு முன்னால் எழுதுங்கள்.