தார் ரோட்டில் நீட்டிய பாவு

எங்கள் பக்கத்து ரோடு பெயருக்குத்தான் மாநில நெடுஞ்சாலை. பீடி பற்றவைத்து நடந்தால் இரண்டாவது பீடிக்குள் தீர்ந்துவிடும். ஆரணியின் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் உதவும். தொண்ணூறுகளில் அதை அகலப்படுத்தித் தார் போட்டபோது எங்கள் நெசவுத் தெருவுக்கு ஒரே சந்தோஷம். இனி வண்டிகள் வேகமாக வருமே என்று யாரும் நினைக்கவில்லை. புழுதி இல்லை, மேடு பள்ளம் இல்லை, பட்டுப் பாவு நீட்ட நல்ல இடம் என்றுதான் நினைத்தோம்.

தறியில் ஏற்றும் முன் நீளவாட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிச்சுப் போட வேண்டும். அதுதான் பாவு நீட்டுவது. ஒருவரால் ஆகாது. தெருவே வந்து கைகொடுக்கும்.

ஒரு நாள் காலை என் பாவு. மூன்று புடவைக்கானது. ரோட்டோரமாக நீட்டியிருந்தோம். எல்லோரும் இழைமேல் குனிந்திருந்தார்கள். என் மனைவி பாவின் நெளிவைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து ரோட்டின் நடுவுக்குப் போய்விட்டாள். செங்கல் லாரி வந்தது. டிரைவர் அவளைக் கண்டு ஸ்டியரிங்கை ஒடித்ததை நான் பார்த்தேன். லாரி அவளை விட்டுவிட்டு, ஆள் நிற்காத முனையில் பாவுக்குள் புகுந்து நின்றது.

மற்றவர்கள் நிமிர்ந்தபோது தெரிந்தது சக்கரத்தில் சுற்றிய பட்டு மட்டும்தான்.

"கண்ணு அவிஞ்சி பூச்சாடா? குடிச்சிட்டா வர்ற?"

கேட்டது என் மச்சான், மனைவியின் அண்ணன். டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு, பாவைத் தாங்கும் கோலால் வாயில் அடித்தான். பிறகு எல்லோரும் அடித்தார்கள். உதைத்தார்கள். டிரைவரின் தலை தாரில் மோதும் சத்தம் கேட்டது. மனைவி வாயைப் பொத்தியபடி நடுரோட்டிலேயே நின்றாள். ரேஷன் கடை வரிசையில்கூட வாய் திறக்காதவன் நான். "அவர் மேல தப்பில்ல" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

மச்சான் லாரியிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்தான். நான் டிரைவர்மேல் விழுந்தேன். யாருடைய கோலோ என் தோள்பட்டையை உடைத்தது.

"எந்திரிடா! உன் பாவுக்குத்தான்டா அடிச்சிகினு இருக்கோம்!" என்று மச்சான் கத்தினான்.

"உன் தங்கச்சிய காப்பாத்தினவருடா இவரு!"

வலியில்தான் எனக்கு அந்தக் குரல் வந்தது. மச்சான் தங்கையைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். செங்கல்லை அவன் கீழே வைத்தான்.

எனக்கு அடியிலிருந்து டிரைவர் இரத்தம் துப்பினார். "ரோட்டுல எவனாவது நூல் கட்டுவானா? பேஜார் புடிச்ச ஊருய்யா."

யாரோ மறுபடி கை ஓங்கினார்கள். மச்சான் அந்தக் கையை முறுக்கித் தள்ளினான்.

டிரைவர் பிழைத்தார். இடது கண் போய்விட்டது. அதன்பிறகு அவர் லாரி ஓட்டவில்லை.

அன்று அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதும், என் மனைவி லாரிக்கு அடியில் நுழைந்தாள். சக்கரத்தில் இறுகியிருந்த பட்டிழைகளை, அழாமல், பிளேடால் கொத்துக் கொத்தாக அறுத்துப் போட்டாள்.