வைக்கோல் பெட்டிச் சோறு

என் ஓரகத்தி வீட்டுக்கு வந்த அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. சீரோடு அவள் கொண்டுவந்த பிரஷர் குக்கர்தான் காரணம்.

பென்னலூரில் ஒரே கூரைக்குக் கீழே எங்களுக்கு இரண்டு சமையல். முன்பக்கம் நான், மூத்தவர் மனைவி. பின்பக்கம் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வாலாஜாபாத்திலிருந்து வந்த அவள். ரேஷனில் இருவருக்கும் ஒரே அளவு மண்ணெண்ணெய்தான். மாதம் முடிவதற்குள் என் டின் காலியாகிவிடும். அவளுடையதில் மிச்சம் குலுங்கும்.

பருப்பை முன்னாடியே ஊறப்போடுவாள். கொதி வந்ததும் ஸ்டவ் திரியை இறக்கிவிடுவாள். குண்டு பல்பை எடுத்துவிட்டு டியூப் லைட் போடவைத்தாள். அறையை விட்டு வெளியே வரும்போது அவள் கை தானாக சுவிட்சுக்குப் போகும்.

"சின்னவ கையில சிக்கனம் கீது" என்பார் மாமியார், என் பக்கம் திரும்பாமலேயே. பின்கட்டில் விசில் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

"நாமளும் ஒரு குக்கர் வாங்கலாமே" என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பானையில வெச்சா சோறு வேவாதா இன்னா?" என்றார். தம்பி வீட்டு சாம்பாருக்கு மட்டும் கிண்ணம் நீட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் சர்ச் மாதர் சங்கத்துக்கு வந்த ஒரு டீச்சரம்மா, பெட்டி நிறைய வைக்கோல் அடைத்து, கொதிக்கிற சோற்றுப் பானையை அதில் புதைத்து மூடினால், மீதி சோறு அடுப்பில்லாமலே வெந்துவிடும் என்றார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மளிகைக் கடையில் டீத்தூள் வந்த பலகைப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் சோறு நறுக்கென்று இருந்தது. கோழிக்குப் போட்டேன். பானை நிறைய வைக்க வேண்டும், நன்றாகக் கொதித்த பிறகே இறக்க வேண்டும் என்று போகப்போகத் தெரிந்தது. ஒருநாள் மதியம் திறந்தேன். சோறு பூவாக மலர்ந்திருந்தது.

"இன்னாக்கா, ஸ்டவ்வ அப்பவே அணைச்சிட்டீங்க, சாப்பாட்டுக்கு இன்னா பண்ணீங்க?" என்று எட்டிப் பார்த்தாள் அவள். நான் மூடியைத் தூக்கிக் காட்டினேன். ஆவி முகத்தில் அடிக்க அப்படியே நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை.

"எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்கக்கா."

மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். செய்து கொடுத்தேன். அவளோ ஒரே விசில் விட்டு, குக்கரையே பெட்டிக்குள் இறக்கினாள். மறுபடியும் அவள் டின்னில்தான் அதிகம் மிச்சம்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அந்தப் பெட்டியைச் செய்துகாட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள், நன்றாகப் பேசுவாள் என்று. நான் கடைசிப் பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூடியைத் திறந்துவிட்டு அவள் சொன்னாள்: "இது என் யோசனை இல்லீங்க. மொதல்ல செஞ்சது எங்க அக்காதான். அக்கா, எழுந்து நில்லுங்க."

எழுந்து நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பும்போது கூட வந்த பெண்கள் என்னிடம் அவளைப் பற்றியே பேசினார்கள். "அத்தினி பேர் முன்னாடி ஒன் பேரை எடுத்துச் சொன்னாளே, இன்னா மனசு அவளுக்கு! நீ குடுத்து வெச்சவ."

அவள் என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"இன்னாக்கா, பேசாமலே வர்றீங்க?"

"கால் வலிக்குது" என்றேன்.