தலைக்கு ஒரு குச்சி

காலை எட்டு பத்து. கல்லூரி கேட்டுக்குள் முதலில் போனது ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளி. புதியது, கைப்பிடியில் கடைக்காரர் கட்டிக் கொடுத்த சணல்கூட அவிழ்க்கப்படவில்லை. வாளியைத் தூக்கிப் போன பெரியவருக்குப் பின்னால் ஓர் அம்மாள், சுருட்டிய பாயோடு ஓர் இளைஞர், கடைசியில் கையில் எதுவும் இல்லாமல் மீசை அரும்பிய ஒரு பையன். நான்கு பேர். நான்கு குச்சிகளை எடுத்து டப்பாவுக்குள் போட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாத்தூரிலிருந்து விருதுநகர் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் இருந்தது அந்த இன்ஜினியரிங் கல்லூரி. எதிர்ப்பக்கம், பூச்சு வேலை முடியாத கடை வரிசையின் வாசலில், சிமெண்ட் மூட்டை மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் இரண்டு டப்பா. ஒன்று நிறைய மருந்து முக்காத தீக்குச்சிகள். பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடுக்கிக் கொடுப்பவர். அவரிடம் இரண்டு கை அள்ளி வாங்கியது. இன்னொன்று காலி. கேட்டுக்குள் ஒரு தலை போனால் ஒரு குச்சி இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு. தலை மட்டும்தான், ஆடு மாடு கணக்கில்லை என்று அத்தா சொல்லியிருந்தார். வாளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அத்தாவுக்குச் சாத்தூரில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது, தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் வாசலுக்கு எதிரில். சங்கு ஊதியதும் மொத்தக் கம்பெனியும் ஒரே கேட் வழியாக ரோட்டுக்கு வரும். அதில் பாதிப் பேர் சால்னா வாசனையைத் தாண்டிப் போக மாட்டார்கள். அந்த இடத்தில் கடை போடுவதற்கு முன்னும் அத்தா ஒரு நாள் முழுக்கக் குச்சி போட்டுத்தான் எண்ணினாராம். உள்ளே போன தலை வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்பார். பதினோரு வருஷம் அது பொய்க்கவில்லை. பிறகு நான்கு வழிச் சாலை வந்தது. கடையின் முன்பாதி ரோட்டுக்குப் போனது. பின்பாதியில் பரோட்டாக் கல் வைக்கவே இடம் போதவில்லை.

அன்று காலை என்னை எண்ண உட்கார்த்திவிட்டு, கட்டட உரிமையாளரிடம் தண்ணீர்க் குழாய் பற்றியும் அட்வான்ஸ் பற்றியும் பேசப் போன அத்தா, பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்பினார். டப்பாவைச் செய்தித்தாளில் கவிழ்த்து, பத்துப் பத்தாகப் பிரித்தார். அறுநூற்றுச் சொச்சம் வந்தது. தலைக்கு ஒன்றுதானே போட்டாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மை. தண்ணீர் குடிக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

நாங்கள் குச்சிகளைத் திரும்ப அள்ளிக்கொண்டிருக்கும்போதே கேட் திறந்தது. உள்ளே போன பெரியவர்களும் அம்மாள்களும் சாரை சாரையாக வெளியே வந்தார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி ரோட்டைத் தாண்டி, "இங்கன சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று எங்களிடமே கேட்டார்கள். ஒருவர் இல்லை, பத்துப் பதினைந்து குடும்பம்.

"அடுத்த மாசம் வாங்க, இங்கனயே கிடைக்கும்" என்றார் அத்தா.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, "நீ எண்ணுனதுலதான்டா கடையே" என்று என் காதில் சொன்னார். சந்தோஷமாக இருந்தால் அவர் என்னை 'டா' போட்டுத்தான் பேசுவார்.

கடைக்குப் பங்கு போட்டது மாமா, அம்மாவின் தம்பி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு பழைய அச்சு மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அத்தாவிடம் கொடுத்தார். எண்ணிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். எண்ணியாச்சு என்றார் அத்தா. யார் எண்ணியது என்று மாமா கேட்கவில்லை. திறப்பு விழாவுக்கு அவரே நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார். அதில் என் பெயர் எங்காவது இருக்கும் என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். முட்டை பரோட்டாவின் விலைதான் இருந்தது.

முதல் வாரம் கூட்டம் இல்லை. புதுக் கடை, தெரியவேண்டுமே என்றார் அத்தா. இரண்டாவது வாரமும் தெரியவில்லை. காலையில் மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து கேட்டுக்குள்ளேயே போய் ஆளை இறக்கின. சாயங்காலம் உள்ளேயே ஏற்றிக்கொண்டு, கண்ணாடி ஜன்னல்களில் தலைகளைக் காட்டியபடி எங்களைக் கடந்து போயின. அந்தத் தலைகளை நான் எண்ணியதே இல்லை. நான் எண்ணியது நடந்து போனவர்களை.

விஷயத்தைச் சொன்னவர் கல்லூரி வாட்ச்மேன். மல்லாங்கிணறு பக்கம், மழை இல்லாமல் நிலத்தை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டை போட்டவர். எங்கள் கடைக்குத் தவறாமல் வந்த ஒரே ஆளும் அவர்தான்.

"பாய், உள்ள மெஸ்ஸுக்கு வருசத்துக்கும் சேத்துக் கட்டிருதாக. தின்னாலும் அம்புட்டுத்தான், திங்காட்டியும் அம்புட்டுத்தான். ஞாயித்துக்கெழமை மட்டும் கேட் பாஸ். நாலு மணி நேரம் வெளிய விட்டா ஒரு பய ரோட்டைத் தாண்டி வந்து பரோட்டாவா திம்பான்? பஸ் ஏறி சினிமாவுக்குல்ல போவான்."

"பொம்பளப் பிள்ளைக?"

"அதுகளுக்கு அந்தப் பாஸும் கிடையாது."

அத்தா அவருக்கு இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார். 

வரிசையில் மொத்தம் ஏழு கடை. இரண்டு ஜெராக்ஸ், ஒரு பேக்கரி, ஒரு ஜூஸ் கடை, ஒரு பிரவுசிங் சென்டர், எப்போதும் பூட்டியே கிடந்த ஒன்று, எங்களுடையது. எல்லோரும் எதிரே இருந்த அதே கேட்டைப் பார்த்துக் கடை போட்டவர்கள். ஆள் வராததால் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர் ஆனார்கள். ஜெராக்ஸ்காரர் எங்களிடம் டீ குடித்தார். அதற்கு மரியாதையாக அத்தா எங்கள் ரேஷன் கார்டை மூன்று முறை ஜெராக்ஸ் எடுத்தார். ஜூஸ்காரர் பேக்கரியில் பன் தின்றார். பேக்கரிக்காரர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சவூதியில் இருந்த மச்சினனுக்கு மெயில் போட்டார், தனக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்று.

தீபாவளிக்குப் பட்டாசு ஊரெல்லாம் ராவும் பகலும் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, கல்லூரிக்கு விடுமுறை. அது முடிந்து வந்ததும் பரீட்சைக்குப் படிக்க விடுமுறை. பரீட்சை முடிந்ததும் விடுமுறை. பொங்கலுக்கு விடுமுறை. தீப்பெட்டிக் கம்பெனிக்கு இத்தனை விடுமுறை கிடையாது என்று அத்தா முணுமுணுப்பார். மாசியில் ரோட்டின் நடுவே இடுப்பளவு தடுப்புச் சுவர் எழுந்தது. அதன் பிறகு வாட்ச்மேன்கூட எங்களிடம் டீ குடிக்கச் சுவர் முடிகிற இடம்வரை நடந்து சுற்றி வர வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் வந்தார்.

கோடை விடுமுறை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டார். மாமா பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார். அவர் குரல் உயரவில்லை.

"மச்சான், அன்னைக்கி கேட்ல எண்ணுனது யாரு?"

கதவுப் பக்கம் நின்றிருந்த நான் நிமிர்ந்தேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருந்த கேள்வி அது. அத்தா என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் மாப்ளே. வேற யாரு எண்ணுவா?"

"தப்பா எண்ணிட்டீக."

"ஆமா. தப்பா எண்ணிட்டேன்."

நான் தப்பாக எண்ணவில்லை. எண்ணியது அத்தாவும் இல்லை. "நான்ல எண்ணுனேன்" என்று வாயைத் திறந்தேன். அத்தா, போய்ப் படி என்றார், அம்மா என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். காலை எட்டு பத்திலிருந்து மதியம்வரை வெயிலில் உட்கார்ந்து நான் செய்த வேலையை, ஆள் பார்க்கும்போது அத்தா தன்னுடையது என்று சொல்லிக்கொண்டதாகவே எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. சாப்பிட வா என்று கூப்பிட்டால் போவேன், பேச மாட்டேன். அவரும் காரணம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கடையைக் காலி செய்தார்கள். மாமாவே குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து வந்தார். அத்தாவும் அவரும் பரோட்டாக் கல்லைச் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள். பெஞ்சுகள், சால்னாப் பானைகள், கடைசியாகப் பெயர்ப்பலகை. நான் வண்டியின் முன் சீட்டில் குச்சி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடையில் எனக்குச் சொந்தமானது அது ஒன்றுதான்.

மாமா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், கேட்டில் புதுப் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட வந்தவர்கள் கூட்டமாக இருந்தார்கள். ஒரு பச்சை வாளி உள்ளே போனது. அதன் பின்னால் ஐந்து பேர். அடுத்து ஒரு சிவப்பு வாளி, மூன்று பேர். மாமா வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார். மூடியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிவிட்டு, திரும்ப உள்ளேயே போட்டு மூடினார். வண்டிக்குப் பின்னால் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அத்தாவிடம், வெயிலில் நிற்காமல் ஏறுங்கள் மச்சான் என்றார்.

மதியம் கேட் திறந்தபோது சாப்பாடு கேட்டுச் சுவரைச் சுற்றி வந்தவர்கள், பூட்டின கடையைப் பார்த்துவிட்டுப் பேக்கரியில் பன் வாங்கித் தின்றதாக ஜெராக்ஸ்காரர் பின்னால் சொன்னார்.

மாமா சொந்தமாக அச்சு மெஷின் வாங்கியது அதற்கு ஆறு வருஷம் கழித்து.