நாற்பது பிரதி

வகுப்பில் அவளுக்குப் பெயர் ஜெராக்ஸ். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில் காலையெல்லாம் வேலை, மதியம்தான் வகுப்புக்கு வருவாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அப்பா படுக்கையோடு கிடந்தார். காலை வகுப்பை விட்டால் மார்க் போகும், கடையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அடுப்புதான் ஜெயித்தது. போன பருவத்தில் மூன்று பாடம் போனது. "படிப்பில் அக்கறை இல்லை" என்று எழுதி அனுப்பினார்கள். நின்று நின்று வீங்கின கால்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தப் பருவம் புள்ளியியலில் அவள்தான் முதல். பாராட்டு வரவில்லை, பேராசிரியர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

"பாதி வகுப்புக்கு நீ வரவே இல்ல. இந்த மார்க் எப்படிம்மா வந்துச்சு? காப்பி அடிச்சிருந்தா சொல்லிடு. விசாரணைன்னு போனா ஒரு வருஷம் போயிடும்."

ஒரு வருஷம் போனால் உதவித்தொகை போகும், அதோடு படிப்புக்கும் முழுக்கு. பயத்தைக் கோபம் முந்திக்கொண்டது. இல்லாதவள் தோற்றால் சோம்பேறி, ஜெயித்தால் திருடியா? குட்டக் குட்டக் குனிந்தது போதும்.

"ஏழாவது கணக்கை மத்தவங்க தாளோட வச்சுப் பாருங்க சார்."

விடைத்தாள் கட்டைப் பிரித்தார். எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டிய இடத்தில், தாளுக்குத் தாள், கழிக்காமலே வகுத்திருந்தார்கள். தனித்தனியாகச் சிவப்பு மையில் அடித்தவர் அவர்தான். சேர்த்துப் பார்த்ததில்லை. சரியாகப் போட்டிருந்தவள் இவள் ஒருத்தி.

"எல்லாரும் படிச்சது முதல் பெஞ்சுக்காரன் நோட்டு சார். அதை நாப்பது பிரதி எடுத்தவ நான். புத்தகம் வாங்க வக்கில்ல, மெஷின் ஓடுறப்பவே படிச்சுக்குவேன். மூணாவது பிரதியிலேயே இடிச்சுது. லைப்ரரியில போய்ச் சரிபார்த்தேன். சந்தேகம்னா வேற கணக்கு குடுங்க, இங்கேயே போடுறேன்."

கொடுத்தார். நின்றபடியே போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புன்னு தெரிஞ்சும் அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

"பிரதி எடுக்கத்தான் வந்தாங்க. சரியா தப்பான்னு ஜெராக்ஸ்கிட்ட யார் சார் கேட்டா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, நீ போம்மா" என்றார்.

அவள் விடைத்தாளின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். பென்சிலில் 'சந்தேகம்' என்று அவர் எழுதியிருந்தார்.

"இதை அழிச்சிடுங்க சார்."

இழுப்பறையில் ரப்பரைத் தேடினார். அந்த எழுத்து முழுசாகப் போகும்வரை அவள் நகரவில்லை.