வரவேற்பு வரிசை

எங்கள் பள்ளியில் ஆண்டு விழா ஒரு நாளோடு முடியாது, ஒரு வாரம் நடக்கும். திங்கள் பேச்சுப் போட்டி, செவ்வாய் அறிவியல் கண்காட்சி, புதன் பிள்ளைகளே சமைத்து விற்கும் உணவுத் திருவிழா, வியாழன் விளையாட்டு. வெள்ளி மாலை பந்தல் போட்டு, சிறப்பு விருந்தினரைக் கூட்டிவந்து பரிசளிப்பு. தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற கடற்கரைச் சாலையில், உப்பளங்களை ஒட்டி இருக்கிற மேல்நிலைப் பள்ளி அது. நான் விளையாட்டு டீச்சர். வருடம் முழுக்க என் பீரியடுகளைக் கணக்கு டீச்சரும் இயற்பியல் சாரும் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வியாழக்கிழமைதான் எனக்கென்று இருந்தது.

அந்த வருடம் என்னிடம் நல்ல ரிலே அணி ஒன்று சேர்ந்திருந்தது. நான்கு பெண்கள், எல்லோரும் பதினொன்றாம் வகுப்பு. கடைசியாக ஓடுகிற பிள்ளை உப்பளத்துக் குடும்பம். பள்ளி இல்லாத நாட்களில் அம்மாவோடு உப்பு வாரப் போவாள். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது, வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். நல்ல கறுப்பு அவள். கைக்குக் குச்சி வந்துவிட்டால், முன்னால் ஒருத்தி ஓடுவதை அவளால் பொறுக்க முடியாது.

திங்கட்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை கெஸ்ட் வரும்போது வாசல்ல பன்னீர் தெளிக்க, சந்தனம் குடுக்க உயரமான பிள்ளைகளா நிறுத்தி வைங்க."

உயரமான பிள்ளைகளை ஹாலில் வரிசையாக நிறுத்தினேன். என் ரிலே பிள்ளைகள் நான்கு பேரும் அதில் இருந்தார்கள். விழாப் பொறுப்பு ஆங்கில டீச்சரிடம் இருந்தது. என்னைவிட வயதில் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் ஸ்கூட்டரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுகிறவர்தான். அவர் வந்து, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"நீ நில்லு. நீ நில்லு. நீ வகுப்புக்குப் போம்மா."

முதலில் எனக்கு விளங்கவில்லை. இரண்டு மூன்று பிள்ளைகள் வெளியே போன பிறகுதான் உறைத்தது. போனவர்கள் எல்லோரும் கறுத்த பிள்ளைகள். கடைசியாக என் உப்பளத்துப் பிள்ளையிடம் வந்து, "நீயும் போம்மா, உனக்கு ஸ்போர்ட்ஸ் இருக்குல்லா, ரெஸ்ட் எடு" என்றார்.

அவள் நகரவில்லை. "இவளுவ மூணு பேருக்கும் அதே ஸ்போர்ட்ஸ்தான டீச்சர் இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் அந்த மூன்று பேரையும் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். புரிந்துகொண்டு வெளியே நடந்தாள்.

"என்ன டீச்சர் இது?" என்றேன். ஆங்கில டீச்சர் என் காதருகே வந்தார்.

"அக்கா, போட்டோ எடுப்பாங்கள்லா, வீடியோ வேற. மஞ்சப் பட்டு கட்டப் போறோம். கொஞ்சம் கலரா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

எனக்கு ரகசியம் பேசத் தோன்றவில்லை. ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன். "அப்ப நானும் வெளிய போறேன். நானும் கறுப்புதான்."

"ஐயோ அக்கா, நீங்க வெயில்ல நிக்கவங்க. உங்களைச் சொல்லுவேனா?"

வெயிலில் நிற்கிறவள் என்று எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் பந்தல்காரரோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, நடந்ததை நான் சொல்லக் கேட்டு, "இதெல்லாம் ஒரு விசயமா டீச்சர்? யாரும் மனசு நோகணும்னு செய்யல" என்றார்.

"நொந்துபோச்சு சார்."

"சரி, அந்தப் பிள்ளைய மட்டும் சேத்துக்கிடச் சொல்லுதேன். பின்வரிசைல நிக்கட்டும்."

'மட்டும்' என்றும் 'பின்வரிசை' என்றும் சொன்னதை அவர் காதே கேட்கவில்லை. தன்னை நல்லவராக நினைத்துக்கொண்டு அடுத்த போனை எடுத்தார்.

மறுநாள் அறிவியல் கண்காட்சி. கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீர் எடுக்கிற மாதிரி ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் செய்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் உப்பளத்துப் பிள்ளை விளக்கிக்கொண்டிருந்தாள். ஆங்கில டீச்சர் கூட்டத்துக்குள் வந்து அவள் தோளைத் தொட்டார். நல்ல செய்தி சொல்கிற முகம்.

"வெள்ளிக்கிழமை பியூட்டி பார்லர்ல இருந்து ஆள் வாராங்க. உனக்கு ரெண்டு கோட்டிங் கூடப் போட்டாச் சரியாயிரும். நீயும் நிக்கலாம்."

சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். "வேண்டாம் டீச்சர்" என்று அவள் மெதுவாகச் சொல்லிவிட்டு, தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமை பள்ளிக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எம்மவளுக்கு எதுக்கு டீச்சர் சுண்ணாம்பு அடிக்கணும்? அவ என்ன செவரா?"

"நான் அதுக்குத்தான் சண்டை போட்டேன்மா."

"நீங்க போட்டிய, சரி. இப்ப எதுக்கு வந்திருக்கிய? நாளைக்கு ஓடணும்னுதான? வெள்ளிக்கிழமைக்கு ஆகாதவ வியாழக்கிழமைக்கு மட்டும் ஆவாளோ?"

அந்தக் கேள்வியை அந்த அம்மா கேட்க அங்கே நான்தான் இருந்தேன், கேட்கப்பட வேண்டியவர்கள் பள்ளியில் மேடைக்கு ஜரிகைத் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பத் திரும்பியபோது உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் வந்தது.

"எம்மா, ஓடுததுக்கு யாரும் கலரு கேக்கல. நான் போவேன்."

வியாழன் அன்று பக்கத்துப் பள்ளிகளையும் அழைத்திருந்தோம். ரிலேயில் எங்கள் மூன்றாவது பிள்ளை குச்சியைக் கொடுக்கும்போது வேம்பார்ப் பக்கத்து அணி நன்றாக முன்னால் போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அன்று கோபத்தில் ஓடினாள். வளைவிலேயே பிடித்துவிட்டாள். கோட்டைத் தாண்டியும் நிற்காமல், மைதானத்துக் கடைசி வேலி வரைக்கும் ஓடிப்போய்த்தான் நின்றாள்.

தலைமையாசிரியர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். போட்டோக்காரரையும் இழுத்துவந்தார்.

"நடுவுல வாம்மா, நடுவுல வா! நீதான சாம்பியன்!"

அவள் கோப்பையை வாங்கி, பக்கத்தில் நின்ற தோழியிடம் கொடுத்துவிட்டு விலகிப் போய்விட்டாள். அவளில்லாமலே போட்டோ எடுத்தார்கள்.

தண்ணீர்க் குழாயருகே போய் அவளைத் தட்டிக்கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சண்டை போட்டது சரிதான் டீச்சர். ஆனா இப்ப எல்லாவளும் என்னையப் பாவம்னு பாக்காளுவ. அது அதைவிட எரியுது."

"நான் என்ன செய்யணும்ளா, சொல்லு."

"ஒண்ணும் செய்யாதீங்க. நாளைக்கு நான் வரல."

வெள்ளி மாலை நான் வாசலோரம் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றேன். என் மற்ற மூன்று ரிலே பிள்ளைகளும் மஞ்சள் பட்டில், கையில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக வரிசையின் முன்னால் நின்றார்கள். விருந்தினரின் கார் சாலையிலிருந்து திரும்பியது. மேளம் தொடங்கியது. அப்போது முதலில் நின்றவள் செம்பைக் கீழே பெஞ்சில் வைத்தாள். அடுத்தவள் கிண்ணத்தை வைத்தாள். மூன்றாமவளும் வைத்தாள்.

"ஏளா, என்ன பண்ணுதிய? எடுங்க!" ஆங்கில டீச்சர் பதறினார்.

"அவ நிக்காத எடத்துல நாங்க நிக்க மாட்டோம் டீச்சர்" என்றாள் முதலாமவள். சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள். அவர்கள் பின்னால் இன்னும் சில பிள்ளைகளும் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆங்கில டீச்சரே செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பதற்றத்தில் பன்னீர் விருந்தினரின் மூக்குக்கண்ணாடி மேலெல்லாம் கொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மேடையேறி, பெண் பிள்ளைகள் தன்னம்பிக்கையோடு வளர வேண்டும் என்று வெகுநேரம் பேசினார். முன்வரிசையில் தலைமையாசிரியர் கைதட்டியதைப் பார்த்தபோது எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

மாணவிகளைத் தூண்டிவிட்டதாக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் தூண்டவில்லை, அது பிள்ளைகள் தாங்களாகவே யோசித்தது, எனக்குத் தோன்றியிருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் வரவேற்பு வரிசையே கிடையாது என்றார்கள். செய்தது தப்பு என்பதற்காக இல்லை, பொம்பளைப் பிள்ளைகளுக்குத் திமிர் கூடிப்போச்சாம், அதற்காக.

அந்தப் பிள்ளை பன்னிரண்டு முடித்து, உடற்கல்வி படிக்கக் கல்லூரிக்குப் போனாள். போனில் பேசினால் அவள் பயிற்சியைப் பற்றிப் பேசுவாள், அம்மாவின் கால் வலியைப் பற்றிப் பேசுவாள். அந்த வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

போன வருடம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆங்கில டீச்சர் என் பக்கம் வந்து உட்கார்ந்தார். தன் கிண்ணத்திலிருந்து எனக்கு மீன் எடுத்து வைத்தார்.

"இன்னும் எம்மேல கோவமாக்கா? அன்னைக்கு என்னமோ தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாம இல்ல டீச்சர்" என்றேன். "நல்ல பகல் வெளிச்சத்துல, ஒவ்வொருத்தி முகமாப் பாத்துப் பாத்துத்தான் வெளிய அனுப்புனீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். நான் சாப்பாட்டை முடித்துவிட்டு மைதானத்துக்குப் போனேன்.