மை பூசிய காதலனும் நானும்

டென்மார்க்கில், எங்கள் ஒடென்சே நகர நூலகத்தில் பழைய மௌனப்படம் ஒன்று காட்டுகிறார்கள் என்று மகள் என்னையும் மனைவியையும் கூட்டிப்போனாள். அவள் விரும்பும் டெனிஷ்காரனும் வந்தான். இரண்டு வருடமாக வீட்டுக்கு வந்துபோகிறான். அவனோடு நான் கதைப்பது டெனிஷில்தான். கலியாணத்துக்கு நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.

படத்துக்குப் பேச்சு இல்லாததால் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் இருந்து பியானோ வாசித்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்திய வியாபாரியைக் காதலிக்கிறாள். வியாபாரியும் வெள்ளைக்காரன்தான், முகத்தில் மை அப்பியிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. எங்களில் ஒருத்தனும் கிடைக்கவில்லையா?

பெண்ணின் தகப்பன் அவனை வாசலோடு திருப்பி அனுப்பினான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தகப்பன் பிறகு தனியே கதிரையில் தலையைக் குனிந்து இருந்தபோது என் மனம் அவன் பக்கம் போய்விட்டது. என்னையும் வாசலில் நிறுத்தியிருப்பான். அவனுக்காக நான் ஏன் இரங்குகிறேன் என்று விளங்கவில்லை.

பஸ்ஸிலும் கடையிலும் கதைப்பதுபோல, தமிழ் ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியத்தில் மனைவியிடம் சொன்னேன்: “தகப்பன் செய்தது சரி. இது சரிவராது.”

அந்த நேரம் பார்த்துப் பியானோ நின்றிருந்தது.

மகளுக்கு அப்பால் இருந்த டெனிஷ்காரன் மெல்லத் திரும்பினான். “ஏன் சரிவராது, மாமா?” என்று தமிழில் கேட்டான்.

“நான் படத்தைச் சொன்னனான், தம்பி,” என்றேன்.

அது பொய்யா என்று எனக்கே பிடிபடவில்லை. அவனைத் தம்பி என்றது ஏன் என்பதும் பிடிபடவில்லை.