வருகையின் நோக்கம்: சுற்றுலா

வேலியை உயர்த்த, கராஜை அகலமாக்க, பின்வளவில் கொட்டில் போட என்று ரொறன்ரோவின் ஸ்காபரோ மக்களுக்கு இருபத்தெட்டு வருடம் நகரசபைக் கவுண்டரில் இருந்து அனுமதிப் பத்திரம் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் அஜின்கோர்ட் பகுதியில் யாருக்காவது ஒரு படிவம் விளங்காவிட்டால் என் வீட்டு மணிதான் அடிக்கும். ஆகவே மருமகன் தன் தாயை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றபோது, பயண ஏற்பாட்டை நான் கேட்டு வாங்கவில்லை. அது தானாகவே என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் சைவம், மருமகன் யாழ்ப்பாணத்து முஸ்லிம். அவரைத்தான் கட்டுவேன் என்று மகள் சொன்ன நாளில், அதைத் தடுக்க ஏதாவது விதி இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இருக்கவில்லை. இப்போது பேத்திக்கு ஒன்பது வயது. சம்பந்தி அம்மாவும் அவர்களோடு ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில்தான் இருக்கிறார்.

அவருடைய கணவர் சரித்திர ஆசிரியராக இருந்தவர். எல்லாரும் ஸ்பெயினுக்குத்தான் ஓடுகிறார்கள், ஹங்கேரியிலும் போலந்திலும் முஸ்லிம்கள் வாழ்ந்த இடங்களை எட்டிப் பார்ப்பார் இல்லை என்று குறைபட்டுக்கொண்டே நான்கு ஊர்களைக் கொப்பியில் எழுதி வைத்தார். போன குளிர்காலத்தில் காலமானார். சம்பந்தி அம்மாவுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. அந்த நான்கில் ஒன்றிலாவது நின்று ஒரு வேளை தொழுது, அவருக்காக இறைவனிடம் துஆ கேட்க வேண்டும். அதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

ஹங்கேரியில் முதல் இடம் பெரிய குவிமாடம் வைத்த பள்ளிவாசல். அது தேவாலயமாகி எத்தனையோ தலைமுறை. மகள் குடும்பத்தோடும் சம்பந்தி அம்மாவோடும் நான் போனபோது பூசை நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஊரில் மினாரா மட்டும் நின்றது. ஏறிப் பார்க்க டிக்கெட் உண்டு, தொழுவதற்குப் பள்ளி இல்லை. மூன்றாவது, துருக்கியர் கட்டிய வெந்நீர்க் குளிப்பிடம். உள்ளே நீச்சலுடுப்போடு ஆட்கள் மிதந்தார்கள். சம்பந்தி அம்மா வாசலிலேயே திரும்பிவிட்டார்.

பேத்தி நடைமுறை தெரிந்தவள், என் இரத்தம். "வாப்பும்மா, யூ கேன் ஜஸ்ட் ப்ரே இன் த கார்" என்று அப்பம்மாவிடம் சொன்னாள்.

"காரிலையும் ஹோட்டலிலையும் தொழுறன்தானே பிள்ளை. அது எனக்கு. இது அவருக்கு."

மிச்சமிருந்தது போலந்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கிராமம். அரசர் கொடுத்த காணியில் தாத்தார் முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக அங்கே இருக்கிறார்கள். பச்சை வர்ணம் பூசிய மரப் பள்ளிவாசல், பார்க்க நம்முடைய பின்வளவுக் கொட்டிலுக்கு மூத்த அண்ணன் மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்து, வந்த அனுமதிக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதனால் சம்பந்தி அம்மாவையும் பேத்தியையும் காரில் இருக்கச் சொல்லிவிட்டு மகளோடும் மருமகனோடும் நிம்மதியாக இறங்கினேன்.

பள்ளிவாசல் பூட்டியிருந்தது. திறப்பு எதிர்வீட்டு அம்மாவிடம் இருந்தது. என் வயதிருக்கும், கையெல்லாம் கோதுமை மா. கடிதத்தை முழுதாக வாசித்தார். சுற்றுலாக்காரருக்கு ஐந்து மணியோடு முடிந்தது, நாளைக்குப் பத்து மணிக்கு வாருங்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். நாளைக்குப் பத்து மணிக்கு நாங்கள் ரொறன்ரோ விமானத்தில் இருப்போம். என் அனுபவத்தை எடுத்துச் சொன்னேன். அவர் கதவில் தொங்கிய நேர அட்டவணையைக் காட்டினார். நானும் கவுண்டரில் இப்படித்தான் காட்டுவேன்.

மருமகன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "மாமா, வருகையின் நோக்கம் சுற்றுலா எண்டெல்லோ போட்டிருக்கிறியள்."

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: சுற்றுலா, ஆய்வு, தொழுகை. மூன்றையும் வாசித்துவிட்டுத்தான் முதலாவதில் புள்ளடி போட்டேன். கொழும்பில் விசாப் படிவத்தில் அதையே எழுதித்தான் நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். ஸ்காபரோவில் பாதிப்பேர் அப்படித்தான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. உண்மையான காரணத்தை அதிகாரிக்கு எழுதக்கூடாது என்பது எங்களுக்குக் கையில் ஊறிய பழக்கம். பள்ளிவாசலுக்கும் அதையே எழுதியிருக்கிறேன்.

சம்பந்தி அம்மா கார்க் கண்ணாடியை இறக்கி, என்ன சிக்கல் என்று கேட்டார். மகள் ஒளிக்காமல் சொன்னாள்.

"நான் சுற்றுலாவுக்கே வந்தனான், அண்ணை?"

கையிலிருந்த பிரதிகளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவர் இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீதியைக் கடந்தார். திறப்புக்கார அம்மாவுக்கு சலாம் சொன்னார். அந்த அம்மாவும் பதில் சலாம் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையில் இருந்து திறப்பை எடுத்தார். ஒரு கடுதாசியும் கேட்கவில்லை.

வாசலில் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றினோம். அடுத்த நிமிடம் என் கை கோயில் பழக்கத்தில் சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டது.

"அண்ணை, சட்டை இருக்கட்டும்" என்றார் சம்பந்தி அம்மா மெதுவாக. "இது நல்லூர்க் கோயில் இல்லை." மகள் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண்கள் தொழும் பகுதி திரைக்குப் பின்னால். திறப்புக்கார அம்மாவும் கூடப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, ஆனாலும் வெகுநேரம் உள்ளே இருந்தார்கள். மருமகன் ஆண்கள் பக்கம் தொழுதார். நான் மரப்படியில் உட்கார்ந்து பொத்தானைப் பூட்டினேன்.

சம்பந்தி அம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டார்.

"அவருக்குக் கேட்டிட்டன்" என்றார். "பிறகு உங்களுக்கும் கேட்டனான்."

எனக்கு என்ன கேட்டீர்கள் என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியத் தேவையில்லை, அண்ணை" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.